லிஃப்டுக்குள் சிக்னல் இல்லை

(வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே குடியிருப்போர் சங்கச் செயலாளர் சடகோபன். கையில் கீரைக்கட்டுடன் மணிவண்ணன். நேற்றிரவு வாட்ஸ்அப் குழுவில் இருவரும் போட்ட சண்டையை மொத்தக் குடியிருப்பும் விழித்திருந்து படித்தது.)

சடகோபன்: பயப்படாதீர்கள் சார். மணி அடித்துவிட்டேன், காவலாளி வந்துவிடுவார்.

மணிவண்ணன்: எனக்கென்ன பயம்? பெரியவர் நீங்கள் உட்காருங்கள்.

சடகோபன்: பெரியவரா? நேற்று "தண்ணீர் லாரிக்காரனின் கைக்கூலி" என்று எழுதியிருந்தீர்களே?

மணிவண்ணன்: (நெளிந்து) அது குழுவில் சார். நேரில் அப்படியெல்லாம் பேசுவேனா? இந்தக் கீரைக்குக்கூட அந்த அம்மா சொன்ன விலையைத்தான் கொடுத்துவிட்டு வருகிறேன்.

சடகோபன்: நானும் வங்கியில் மேலாளர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியே ஓய்வு பெற்றவன். உங்களை "உதவாக்கரை" என்று எழுதியபோது மட்டும் கை நடுங்கவே இல்லை. எனக்கே ஆச்சரியம்!

மணிவண்ணன்: நீங்கள் பாரதியார் படம் வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அந்த மீசையின் வேலையாக இருக்கும்.

சடகோபன்: உங்களுக்கும் அதே படம்தானே? மூன்றாம் மாடி டாக்டருக்கும் அதேதான். குழு முழுக்கப் பாரதியார். மொட்டைமாடித் தொட்டியைக் கழுவத்தான் ஆள் இல்லை.

மணிவண்ணன்: சண்டையை ஆரம்பித்தது நீங்கள். நான் எழுதியதைப் படித்துவிட்டுப் பதிலே போடவில்லை.

சடகோபன்: குழுவில் எல்லோரும் படித்தால்தானே நீலக் குறி விழும்?

மணிவண்ணன்: அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்துத் தகவலைப் பார்த்தால் யார் யார் படித்தார்கள் என்று தெரியும்.

சடகோபன்: அடடா! 2014-இல் அந்த நீலக் குறியைக் கொண்டுவந்தார்கள், அன்றோடு நிம்மதி போயிற்று. பதில் எழுத ஆரம்பித்துத் தூங்கிவிட்டேன் சார், அவ்வளவுதான்.

மணிவண்ணன்: 2015 வெள்ளத்தில் பாலும் படகும் எங்கே கிடைக்கும் என்று சொன்னது இதே குழுதான்.

சடகோபன்: முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று சொன்னதும் இதே குழுதான். பண்ணைக்காரர்களே மறுத்த பிறகும் நீங்கள் அதை அனுப்பிக்கொண்டிருந்தீர்கள்.

மணிவண்ணன்: எச்சரிக்கைதானே சார்! 2018-இல் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்துவிட்டார்கள். பொதுச்சேவைக்கே விலங்கு.

(மௌனம். மணிவண்ணன் செல்பேசியில் தட்டுகிறார்.)

சடகோபன்: என்ன எழுதுகிறீர்கள்?

மணிவண்ணன்: லிஃப்ட் நின்றதற்கு உங்களைக் கண்டித்துத்தான். சிக்னல் வந்ததும் தானாகப் போய்விடும்.

சடகோபன்: படியுங்கள், கேட்போம்.

மணிவண்ணன்: "செயலாளரின் அலட்சியத்தால் அப்பாவி ஒருவர் லிஃப்டில் சிக்கித் தவிக்கிறார்..."

சடகோபன்: இருவர் அல்லவா?

மணிவண்ணன்: உங்களையும் சேர்த்தால் மக்களுக்கு உங்கள் மேல் இரக்கம் வந்துவிடும்.

சடகோபன்: அதுவும் சரி. "அலட்சியத்தால்" போதாது, "ஆணவத்தால்" என்று போடுங்கள். அப்படியே என் செல்பேசியில் என் பதிலையும் அடித்துவிடுங்கள். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன்.

மணிவண்ணன்: சொல்லுங்கள் சார்.

சடகோபன்: "பராமரிப்புக் கட்டணம் கட்டாதவருக்கு லிஃப்ட் ஒரு கேடா?"

மணிவண்ணன்: (தட்டுவதை நிறுத்தி) சார், இது கொஞ்சம் வலிக்கிறது.

சடகோபன்: நிஜமாகவே பாக்கியா?

மணிவண்ணன்: மூன்று மாதம்.

சடகோபன்: அப்படியானால் எடுத்துவிடலாம்.

மணிவண்ணன்: இருக்கட்டும் சார். பதிலில் காரம் இல்லாவிட்டால் என் கேள்வியும் எடுபடாது.

(லிஃப்ட் குலுங்கி ஏறுகிறது, இரண்டாம் மாடித் தரைக்கு ஒரு சாண் கீழே நின்று கதவு திறக்கிறது. இரு செல்பேசிகளும் விடாமல் ஒலிக்கின்றன. மணிவண்ணனுக்கு மனைவியிடமிருந்து அழைப்பு.)

மணிவண்ணன்: (போனில், பல்லைக் கடித்து) ஆமாம், பார்த்தேன். என்ன திமிர் பார்த்தாயா அந்த ஆளுக்கு! நேரில் மட்டும் என்னிடம் மாட்டட்டும்... (குரலைத் தாழ்த்தி) சார், தரை உயரமாக இருக்கிறது. கையைக் கொடுங்கள்.