‘தி ரெய்டு’ முதல் படம் அல்ல

“‘தி ரெய்டு’ என்ற இந்தோனேசியச் சண்டைப் படத்தின் இயக்குநர் இந்தோனேசியர், முதல் படத்திலேயே ஜெயித்தவர்” என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு. அவர் பட்ட பாட்டையே அது மறைத்துவிடுகிறது.

அந்த இயக்குநர் கேரத் எவன்ஸ், பிரிட்டனில் உள்ள வேல்ஸ்காரர். 2006-இல் ‘ஃபுட்ஸ்டெப்ஸ்’ என்ற சிறு படத்தை எடுத்தார். அப்புறம் சிலாட் சண்டைக்கலை பற்றிய ஆவணப்பட வேலையாக இந்தோனேசியா போனார். அங்கே சந்தித்த இக்கோ உவைஸ், அப்போது ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் ஓட்டுநர். அவரையே நாயகனாக்கி 2009-இல் ‘மெரந்தாவ்’ எடுத்தார்.

அடுத்து ‘பெரண்டால்’ என்று பெரிதாக ஒரு கதை வைத்திருந்தார். பணம் புரளவில்லை. அதனால்தான் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் முடிகிற, செலவு குறைந்த கதையாக ‘தி ரெய்டு’ பிறந்தது, 2011-இல் வெளியானது. அன்று கைநழுவிய ‘பெரண்டால்’ கதைதான் மாற்றி எழுதப்பட்டு, 2014-இல் இரண்டாம் பாகமாக வந்தது.