14 சதவீத டெண்டர் ஓட்டு விழுந்தால் மறு வாக்குப்பதிவா? இல்லை

சட்டமன்றத் தேர்தல் நெருங்கினாலே வாட்ஸ்அப்பில் இது வந்துவிடுகிறது: பட்டியலில் பெயர் இல்லையா, ஆதாரைக் காட்டி 49ஏ பிரிவில் "சேலஞ்ச் ஓட்டு" கேளுங்கள், ஒரு சாவடியில் டெண்டர் ஓட்டு (தன் பெயரில் வேறு யாரோ போட்டுவிட்டதால் ஒருவர் தாளில் போடும் ஓட்டு) 14 சதவீதம் தாண்டினால் மறு வாக்குப்பதிவு.

இது தவறு. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் எந்த அட்டையைக் காட்டினாலும் ஓட்டுப் போட முடியாது. 1961ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 49ஏ என்பது வாக்குப்பதிவு இயந்திரத்தின் அமைப்பு பற்றியது. சேலஞ்ச் என்பது ஓட்டுப் போட வந்தவர் உண்மையில் அவர்தானா என்று சந்தேகப்படும் வேட்பாளரின் வாக்குச்சாவடி முகவர் 2 ரூபாய் கட்டி எழுப்புகிற ஆட்சேபம், அவ்வளவுதான்.

டெண்டர் ஓட்டு உண்மையிலேயே உண்டு. உங்கள் பெயரில் வேறு யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தால் 49பி (49P) விதியைச் சொல்லிக் கேளுங்கள், விடாதீர்கள். இயந்திரத்தில் அல்ல, தாள் வாக்குச்சீட்டில் முத்திரை குத்தி மடித்துக் கொடுப்பீர்கள், அதைத் தனி உறையில் வைப்பார்கள். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது. 14 சதவீதக் கணக்கு விதிகளில் எங்குமே கிடையாது.

இதை நம்பிக் கடைசி நாள்வரை பெயரைச் சரிபார்க்காமல் இருப்பவர்களை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. இப்போதே 1950 என்ற தேர்தல் உதவி எண்ணுக்கு அழைத்தோ தேர்தல் ஆணைய இணையதளத்திலோ பாருங்கள், பெயர் இல்லையென்றால் அதைச் சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுங்கள். வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்குச் சேர்க்க முடியாது. அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள்.