நாலில் ஒரு பங்கு

போன வாரம் பாரிமுனையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வாரிசுச் சான்றிதழ், பட்டா, வழக்கமான அலைச்சல். பக்கத்தில் இருந்த புதுச்சேரி அம்மா ஒருவர், "எங்க குடும்பத்துக்கு இந்து சட்டம் கிடையாதும்மா, நெப்போலியன் சட்டம்தான்" என்றார். கிண்டல் என்று நினைத்தேன். நிஜம்தான்.

1881-இல் வந்த ஆணைப்படி, சாதி வழக்கத்தை விட்டுவிட்டு, நெப்போலியன் கொண்டுவந்த பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வருகிறோம் என்று எழுதிக் கொடுத்த தமிழர்களின் வம்சம் அவர்கள். ரெனோன்சான் என்று பெயர். 1873-இல் பூட்ஸ் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போய் வம்பில் மாட்டிய வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளைதான் இதில் முன்னோடி. நம் இந்து திருமணச் சட்டமே இவர்களுக்குப் பொருந்தாது என்று எழுதியிருக்கிறது.

பொது சிவில் சட்டம், 'நாடு முழுக்க ஒரே சட்டம்' என்றால் உடனே நெப்போலியன் சட்டம் வந்த 1804-ஐக் காட்டுகிறார்கள். அதற்கு முன் பிரான்ஸில் வடக்கே ஊர் வழக்கம், தெற்கே ரோமானியச் சட்டம். நாலு வக்கீல்கள் உட்கார்ந்து வரைவு எழுதி, கடைசியில் 2281 பிரிவுகளாக வந்தது. சரி. ஆனால் அதே சட்டம் 1819-இல் புதுச்சேரிக்கு வந்தபோது, உள்ளூர்க்காரர்கள் தங்கள் வழக்கப்படியே இருக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். கப்பல் ஏறியதும் 'ஒரே' போய்விட்டது!

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது வேறு. மூன்று பிள்ளைகள் இருந்தால், அப்பா தன் இஷ்டத்துக்கு உயில் எழுத முடிவது சொத்தில் நாலில் ஒரு பங்குதான். மிச்சம் பிள்ளைகளுக்கு, ஆணோ பெண்ணோ, சமமாக. தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை வந்ததே 1989-இல். அதையும் தன் சம்பாத்தியம் என்று ஒரு உயில் எழுதித் தாண்டிவிடலாம், இன்றைக்கும். என் தாத்தா வீட்டை மாமாவுக்கு எழுதினார். அம்மாவுக்குக் கிடைத்தது ஒரு குத்துவிளக்கு.

நெப்போலியனைக் கொண்டாடவும் மனசு வரவில்லை. கணவனுக்கு மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்று எழுதியதும் அதே புத்தகம். கணவனைக் கேட்காமல் வேலைக்குப் போகவும் பேங்க் கணக்குத் தொடங்கவும் பிரெஞ்சுப் பெண்கள் 1965 வரை காத்திருந்தார்கள். ஆக, பொது சிவில் சட்டம் என்று யாராவது ஆரம்பித்தால் நான் முதலில் தேடுவது உயில் பிரிவைத்தான். 'பொது' என்ற வார்த்தை அப்புறம்.

அந்த அம்மாவிடம், அண்ணன் தம்பிகளோடு சண்டை வரவில்லையா என்று கேட்டேன். "வராம இருக்குமா? ரெண்டு வருஷம் பேச்சே இல்ல. ஆனா என் பங்குல யாரும் கைவைக்க முடியல" என்றார்.

அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.