அது அழுக்கல்ல, படத்தின் மணி

பழைய படங்களின் புளூரே டிஸ்கில் மணிமணியாகத் தெரிவது அழுக்கு, அதைத் துடைத்தால்தான் ரெஸ்டொரேஷன் (பழைய படத்தைச் சீர்செய்வது) என்று மேலே ஒரு தம்பி எழுத, கிளிநொச்சிப் பெடியள் கனபேர் பகிர்ந்தும் விட்டார்கள். அப்படியில்லை தம்பி. ஃபிலிமில் ஒளி பட்ட வெள்ளி உப்புப் படிகங்களால்தான் படமே உருவாகிறது, கலர் ஃபிலிம் என்றால் கழுவும்போது வெள்ளி போய் அந்த இடத்தில் சாயப் புள்ளிகள் நிற்கும். இவைதான் கண்ணுக்கு மணியாக (கிரெயின்) தெரிகின்றன. அந்த மணியை அளவுக்கு மீறித் துடைத்தால் தாடி மயிர், சேலை நெசவு எல்லாம் சேர்ந்து போய் முகம் மெழுகு மாதிரி ஆகிவிடும் (கலியாண வீடியோக்களில் பார்த்துப் பார்த்து நமக்கு அதுவே பழகிவிட்டது). சந்தேகம் என்றால் கொம்பியூட்டரில் விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் படத்தை நிறுத்தி, கீபோட்டில் ஆங்கில 'ஈ'யைத் தட்டித் தட்டி ஒவ்வொரு ஃபிரேமாகப் பாருங்கள். தூசி ஒரு ஃபிரேமில் இருக்கும், அடுத்ததில் இராது. மணி எல்லா ஃபிரேமிலும் படம் முழுக்க இருக்கும், கோலம் மட்டும் மாறிக்கொண்டே போகும்.