கியூஆர் குறியீடு இருந்தாலே கொரோனா தடுப்பூசிச் சான்றிதழ் உண்மையானதா?

கியூஆர் குறியீடு அச்சாகியிருந்தாலே, இந்திய அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவின் வழங்கும் சான்றிதழ் அசல்தான் என்று பரவும் செய்தி தவறானது. அத்தகைய கட்டத்தை யார் வேண்டுமானாலும் இலவசச் செயலியில் உருவாக்கி அச்சிட்டுவிட முடியும். 2021இல் வழங்கத் தொடங்கிய உண்மையான சான்றிதழின் குறியீட்டுக்குள் பெயர், வயது, தடுப்பூசி, தேதி ஆகியவற்றோடு மின்னணுக் கையொப்பமும் பொதிந்திருப்பதால், அந்தத் தரவில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாமல் போய்விடும். ஆனால் இதைச் சாதாரண ஸ்கேனர் சோதிக்காது. கோவின் தளத்தின் சரிபார்ப்புப் பக்கத்தில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். அங்கே சரி என்று வந்ததும் நிறுத்திவிடாமல், திரையில் தோன்றும் பெயரைத் தாளோடும் அடையாள அட்டையோடும் ஒப்பிடுங்கள்; இன்னொருவரின் அசல் குறியீட்டை வெட்டி ஒட்டியிருந்தாலும் கையொப்பம் சரியானதாகவே காட்டும் என்பதால், இந்த ஒப்பீட்டையே மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஊசி போடாமலே போட்டதாகத் தளத்தில் பொய்யாகப் பதிவு செய்து வாங்கிய சான்றிதழை இந்தச் சோதனையும் காட்டிக்கொடுக்காது.