மானோன்னா கை, அவ்வளவுதானா?

"மானோ"ங்கற ஸ்பானிஷ் வார்த்தையைச் சொல்லிக் கொடுக்கறேன்னு ஒரு வாத்தியார் போட்ட ரீல் விவகாரத்தைப் பத்தி எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். காலையில மறுபடியும் ஒருத்தர் இன்பாக்ஸ்ல வந்து "விடுங்க மேடம், சின்னப் பையன்"னார். சின்னப் பையன் இல்லைங்க. காசு வாங்கிட்டு ஸ்பானிஷ் கிளாஸ் எடுக்கிறவர்.

"மானோன்னா கை, அவ்வளவுதான், அடுத்த வார்த்தை"ன்னு தாண்டிப் போனதோட நிறுத்தியிருக்கலாம். "எல் மானோ"ன்னு ஆண்பாலாக்கிட்டார். ஓ-வில் முடிஞ்சாலும் அது பெண்பால், லா மானோ. லத்தீன் மானுஸ் பெண்பால், அதுலேருந்து வந்தது. அதுக்கு மேல, "மானோ ஆ மானோ"ன்னா ஆம்பளைக்கு ஆம்பளை மோதுறதாம்! கைக்குக் கைங்க அது. காளைச் சண்டையில வழக்கமா மூணு மத்தாதோர், அதாவது காளையோட மோதுற வீரர்கள், இறங்குவாங்க. ரெண்டே பேர் மாறி மாறி இறங்கினா மானோ ஆ மானோ. இதுல ஆம்பளை எங்கேருந்து வந்தான்? இங்கிலீஷ் "மேன்"லேருந்து வந்தான்.

இதைத்தான் மரியாதையா, ஸ்மைலி எல்லாம் போட்டு எழுதினேன். வந்த பதில்: "டிக்‌ஷனரி ஆன்ட்டி வந்துட்டாங்க."

சரி, ஆன்ட்டி சொல்றேன், கேளுங்க.

புவெனோஸ் ஐரேஸ்ல வாடகை வீட்டுல இருந்தப்போ வீட்டுக்காரம்மாவுக்கும் பெயின்டருக்கும் பெரிய சண்டை. ரெண்டு மானோ அடிச்சேன்னு அவர் சத்தியம் பண்றார். அந்தம்மா ஜன்னலுக்குக் கீழ குனிஞ்சு, வெள்ளைக்கு அடியில பழைய பச்சை திட்டுத்திட்டாத் தெரியற இடத்தை நகத்தால சுரண்டிக் காட்டி, "இது ஒரு மானோ கூட இல்லை"ங்கறாங்க. கோட்டிங்தான் அங்க மானோ. அதே ஊர்ல ஒரே மானோ உள்ள தெருன்னா ஒன்வே. எதிர்த்திசையில வண்டி விட்டா கோந்த்ராமானோ. 1945 ஜூன் 10 அன்னைக்கு அர்ஜென்டினா முழுக்க இடதுபக்கம் ஓட்டினவங்க வலதுபக்கம் மாறினாங்களே, அதுக்குப் பேரே "மானோ மாற்றம்"தான். மெக்சிகோ போனா, மெத்தாத்தேங்கற அம்மியோட குழவி மானோ. பல நாடுகள்ல வாழைச் சீப்பும் மானோ. "என்ன மானோ"ன்னு மெக்சிகோக்காரர் கூப்பிட்டா அது கையே இல்லை, எர்மானோ, அதாவது சகோதரன், முன்பாதி தேஞ்சு நிக்குது.

கை மட்டும் போதுமாம்!

அந்த ரீலுக்குக் கீழ வரிஞ்சு கட்டிட்டு வந்தவங்கள்ல பாதிப் பேர் மரடோனா படம் வச்சிருக்காங்க, அதான் இன்னும் எரியுது. பந்து கையில பட்டா ஸ்பானிஷ் பேசற கூட்டம் கத்துறதே "மானோ!"ன்னுதான். ஃபவுலோட பேரே அது. 1986 ஜூன் 22, அஸ்டெக்கா மைதானம், இங்கிலாந்துக்கு எதிரா மரடோனா கையால தட்டிப் போட்ட அந்த கோல். கொஞ்சம் மரடோனாவோட தலை, கொஞ்சம் கடவுளோட மானோன்னார். ஃபவுலை ஃபவுல்னு சொல்லிட்டே சாமி தலையில கட்டிட்டார் மனுஷன். கை மட்டும் தெரிஞ்சா இந்தக் குசும்புல பாதிதான் கிடைக்கும்.

"தமிழ்லயும் கைமாத்து, கைராசி இருக்கே, எல்லா மொழியும் இப்படித்தானே?"ம்பீங்க. ஆமா. அதுக்குத்தானே இந்தக் கத்து கத்துறேன்! கைமாத்துக் கேட்டவன் முன்னாடி ஒரு வெள்ளைக்காரர் உள்ளங்கையை நீட்டினா, அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவரை என்ன சொல்வீங்க? "ஆரம்பத்துலயே பயமுறுத்தக் கூடாது"ங்கறாங்க. பெயின்டையும் வாழைப்பழத்தையும் பார்த்து யாருங்க பயப்படறா? "பொறாமை"ன்னும் ஒருத்தர் எழுதியிருந்தார். ரீல் போட்டவரோட ஃபாலோயர் கணக்கைப் பார்த்தா வரத்தான் செய்யும். அதனால லா மானோ எல் மானோ ஆயிடுமா?

ஆன்ட்டின்னு சொன்னதைக் கூட விட்டுடறேன். வயசு ஆகுது, உண்மைதான். அந்த வரிக்குக் கீழ சிரிப்பு எமோஜி போட்டவங்க பட்டியலைத் திறந்து பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. என்கிட்ட படிச்ச ஒரு பையன் இருக்கான். டெலேங்கற ஸ்பானிஷ் பரீட்சைக்கு முன்னாடி ஃபீஸ் கட்ட முடியலைன்னப்போ, பரவாயில்லைப்பா, ராத்திரி கிளாஸுக்கு வந்துடுன்னு சொல்லி உட்கார வச்சேன். பாஸ் பண்ணி வேலைக்கும் போயிட்டான். லா மானோன்னு நான் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்.