முதலாமாண்டுப் பெண்ணைப் பார்த்துச் சிரித்த அண்ணன்களுக்கு

நேற்றிலிருந்து நம் காலேஜ் முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஓடும் அந்த வீடியோவைப் பற்றித்தான். எதுவென்று உங்களுக்கே தெரியும். வரவேற்பு விழா மைக்கில் அந்தப் பெண் பெயரையும் ஊரையும் ஆங்கிலத்தில் சொல்லத் திணறுகிறாள்; கீழே நாற்பது வயது ஆட்கள் வரிசையாகச் சிரிப்பு எமோஜி போடுகிறார்கள்.

அவள் முதலாமாண்டு. காலேஜுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. திணறத்தான் செய்வாள்.

நானும் அப்படிப் போனவள்தான். பண்ருட்டிப் பக்கம் கிராமம், அரசுப் பள்ளி, தமிழ்வழி. நம் கிறிஸ்தவக் காலேஜில் காலையில் ஸ்பீக்கரில் ஆங்கில ஜெபம் ஓடும். எல்லோரும் எழுந்தால் எழுவேன், உட்கார்ந்தால் உட்காருவேன். அசைன்மென்ட் என்றால் என்னவென்று கேட்கக் கூச்சப்பட்டு, கோடு போட்ட நோட்டில் தாள் கிழித்து எழுதிக் கொடுத்தேன். சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. அவரே ஸ்டேப்ளர் பின் அடித்து வாங்கி வைத்துக்கொண்டார். சிரித்தது பின்பெஞ்ச். சின்ன காலேஜ், சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்த செமஸ்டர் முழுக்க நான் வகுப்பில் வாயே திறக்கவில்லை.

'இங்கிலீஷ் இல்லாமல் வேலை கிடைக்குமா?' என்று ஒருவர் வருவார். கிடைக்காது, சரி. அதற்குத்தானே டிகிரியில் பார்ட் டூ என்று இங்கிலீஷ் பாடமே வைத்திருக்கிறார்கள்? வரும்போதே பேசத் தெரிந்திருந்தால் அதை எதற்கு நடத்த வேண்டும்?

'கிறிஸ்தவக் காலேஜ், ஜெபம் சொல்ல வைத்து...' என்று இன்னொருவர் ஆரம்பித்துவிட்டார். ஐயா, பேச்சு அதுவா? விருப்பமில்லாதவரை மதபோதனையில் உட்கார வைக்கக்கூடாது என்று அரசியலமைப்பின் 28ஆவது பிரிவே சொல்கிறது. கிறிஸ்தவர் அல்லாத எங்களுக்கு நீதிபோதனை வகுப்பு தனி. அதில் பாதிப் பேர் ரெக்கார்டு எழுதினோம். அவ்வளவுதான்.

'சும்மா ஜாலிக்கு.' இதைத்தான் தாங்க முடியவில்லை. 1996-இல் நம் கடலூர் மாவட்டத்து அண்ணாமலை நகரில் மருத்துவ மாணவர் பொன் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகுதான் 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அவரும் முதலாமாண்டு. அந்தச் சட்டத்தில் கேலி செய்வதும் ராகிங்தான். வளாகத்துக்கு வெளியே செய்தாலும்தான். கொலையோடு ஒப்பிடுகிறாயா என்பீர்கள். ஒப்பிடவில்லை. கடலூர்க்காரர்களுக்கே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுதான்.

சிரித்தவர்களில் பலர் வீட்டுக்கு முதல் பட்டதாரி. இப்போது பிள்ளைகளைச் சென்னையில் சேர்த்துவிட்டீர்கள், நல்லது, சந்தோஷம். அந்தப் பெண்ணின் அப்பா கையிலும் ஒரு போன் இருக்கும் என்று ஒருவருக்குமா தோன்றவில்லை?

அட்மின் அண்ணன் 'டேக் இட் ஈஸி' என்கிறார். வீடியோ இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. நான் குழுவை விட்டு வெளியேறிவிட்டேன். டிசம்பர் சந்திப்புக்குப் பணம் கேட்டு யாரும் எனக்குப் போன் செய்ய வேண்டாம்.